தலை ஆடிக்கு வந்த கார்

என் மூத்த மகள் சித்திரை மாதத்தில் பிறந்ததற்குக் காரணம் ஒரு கார். அந்தக் காரை அப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தலை ஆடி என்று பெயர். சீர் வைத்து அழைப்பார்கள், மாதம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். ஆடியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஓரிடத்தில் விட்டுவைத்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வந்துவிடும் என்கிற யோசனைதான். என்னை ஆடிக்கு அழைக்கக் கார் வரவில்லை. யோசனை சரிதான் என்பது சித்திரையில் நிரூபணமாகிவிட்டது.

எனக்குக் கல்யாணம் நடந்தது வைகாசியில். சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்குத் திருமயத்துக்குப் பக்கத்தில் நிலமும், ஒரு அரிசி மில்லும் இருந்தன. என்னைக் கட்டிக்கொடுத்தது விராலிமலையில், ரோட்டுமேல் கடலை மண்டி வைத்திருந்தவர்கள் வீட்டில். தாலி கட்டிய மறுநாள் என்னை அங்கே கொண்டுபோய் விடுவதற்கு அப்பா புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாடகைக் கார் பேசியிருந்தார். அது அன்னவாசல் தாண்டியதும் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார். அவருடைய தம்பிமார் தள்ளினார்கள். பொண்ணும் இறங்கினால் கொஞ்சம் பாரம் குறையும் என்று டிரைவர் சொன்னான். நான் கழுத்தில் மாலையோடு ஒரு புளியமரத்தடியில் போய் நின்றேன். மாட்டு வண்டியில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் ஆத்தாவும் உறவுக்காரர்களும் பின்னால் ஒரு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கவும், மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர் துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, “பொண்ணு வீட்டுக்காரவுக பொண்ணத்தான் குடுப்பாகன்னு நெனச்சோம், தள்ளுறதுக்கு வண்டியும் குடுத்திருக்காக” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸிலிருந்த எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நடுரோட்டில் நின்று, “ஆடிக்கு எம் பொண்ண அழைக்கச் சொந்தக் கார்ல வாரேன். அது வரைக்கும் சம்மந்தி வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், எம் பொண்ணும் வேற வண்டியில எங்க ஊருக்கு வரமாட்டா” என்றார். சபதம் போட்டபின் அதன்படி நடக்க வேண்டுமல்லவா? அப்போதே எதிர்த்திசையில் வந்த பஸ்ஸை மறித்து ஏறிப் போய்விட்டார். பெண்ணைக் கொண்டுபோய் விட வந்தவர், பாதியில். அவர் போன கொஞ்ச நேரத்தில் அந்த வாடகைக் கார் தானாகக் கிளம்பியது.

ஆத்தா மட்டும் என்னோடு வந்து விட்டுவிட்டுப் போனாள்.

அப்பா அந்த வாரமே திருச்சிக்குப் போய்க் கார் விற்கும் கம்பெனியைக் கண்டுபிடித்தார். அது வரை அவர் செய்யச் சொன்ன வண்டியெல்லாம் மாட்டு வண்டிதான். ஆசாரியிடம் சொன்னால் மரம் இழைத்து, பட்டை கட்டி, அடுத்த மாதம் வாசலுக்கு வந்துவிடும். காரும் அப்படித்தான் என்று நினைத்தார். அதனால்தான் நடுரோட்டில் அவ்வளவு தைரியமாக ஆடி என்று சொன்னார். கம்பெனியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கார் நின்றிருக்கிறது. அப்பா அதைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, சந்தையில் காளை பார்ப்பதுபோல் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “இதுவே இருக்கட்டும்” என்றாராம். அது பார்ப்பதற்கு மட்டும், விற்பதற்கில்லை என்றாராம் குமாஸ்தா. பெயரைப் பதிந்துகொண்டு, முறை வரும்போது கார்டு போடுவோம் என்று அனுப்பிவிட்டார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, “உங்களுக்கு முன்னாடி இருக்கவங்களுக்கெல்லாம் வந்தப்புறம் வரும்” என்றிருக்கிறார். இதை அப்பா, “சீக்கிரமே வருது” என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினார்.

விராலிமலையில் என் மாமியாரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அத்தை என்னை ஒரு நாளும் அதட்டிப் பேசியதில்லை. சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. நான் ஊருக்குப் போகவேண்டும் என்றால் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

“போயிட்டு வாத்தா, யாரு வேணாம்னா? ஆனா ஒங்க அப்பா நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டாக. நீ பஸ்ல போய் எறங்குனா அவுகளுக்குத்தான அசிங்கம்? கார் வரட்டும். ஜம்முனு போகலாம்” என்பார்.

இதில் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? நானும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அதோடு அத்தைக்கு அந்தக் கார் பிடித்துப் போய்விட்டது. மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எங்க சம்மந்தி கார் சொல்லியிருக்காக” என்று சொல்லியாகிவிட்டது. வந்தால் நிறுத்த இடம் வேண்டும் என்று மாமா, மண்டிக்குப் பக்கத்தில் கடலை மூட்டை அடுக்கிய கொட்டகையைக் காலி பண்ணிக் கொடுத்தார். மூட்டைகள் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. நாங்கள் மூட்டைகளுக்கு நடுவில் சாப்பிட்டோம், காலியான கொட்டகையில் இரண்டு கோழிகள் இருந்தன. ஊரில் எனக்குப் பெயரே கார்ப் பொண்ணு என்று ஆகிவிட்டது. குழாயடியில், கோயிலில், பால் வாங்கப் போன இடத்தில், “கார் வந்திருச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

எங்கள் மண்டிக்கு நேர் எதிரே பஸ் நிற்கும். இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை போகிற பஸ். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. புறப்படுமுன் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அதில் ஏறி உட்கார்ந்தால் புதுக்கோட்டையில் ஒரு தடவை மாறி, வெயில் தாழ்வதற்குள் ஆத்தாவிடம் போய்விடலாம். நான் வாசலில் நின்று அது போவதைப் பார்ப்பேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அங்கே போய் ஒன்றும் செய்யப்போவதில்லை. எங்கள் கூடத்தில் தலையணை இல்லாமல் படுத்து, மில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஆத்தா கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்காமல் கிடக்க வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும் கார் வரட்டும் என்றார்கள்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு நாள், “பேசாம பஸ்ல போயிட்டு வந்திருவோமா?” என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், சைக்கிளில் போகிறவர். “எனக்கொண்ணும் இல்ல. ஒங்க அப்பா மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிறது?” என்றார். ஆக, என் அப்பாவின் கௌரவத்தை அவரும் காப்பாற்றினார்.

ஆத்தா பஸ்ஸில் வந்து போவாள். முறுக்கும் மாவுருண்டையும் தூக்குச்சட்டியில் கொண்டு வருவாள். அவள் பஸ்ஸில் வந்ததில் எந்த வீட்டுக்கும் கௌரவம் குறையவில்லை. ஆத்தாவுக்கும் அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது. அதுவும் விராலிமலையிலேயே நடந்தது. சித்திரை வெயிலில் நான் வெந்துகொண்டு கிடந்தபோது ஆத்தாதான் வந்து பனை விசிறியால் வீசினாள். சித்திரைப் பிள்ளை என்று முகம் சுளிக்கப் பார்த்தவர்கள், பெண் என்று தெரிந்ததும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அப்பா பேத்தியைப் பார்க்க வந்தார். ஆனால் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாரே. அதனால் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து ஒரு ஆளை அனுப்பிக் குழந்தையை எடுத்து வரச் சொன்னார். பச்சை உடம்போடு நான் படியேறிப் போனேன். அப்பா ஒரு படியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மயில் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கையில் சாமிக்குப் படைத்து வாங்கிய சுருட்டுக்கட்டு, விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பது வழக்கம். குழந்தையை மடியில் வாங்கி வெள்ளி அரைஞாண் கட்டினார்.

“வீட்டுக்கு வாங்கப்பா. கூப்புடு தூரந்தான்.”

“வாரேன்த்தா. கார்ல வாரேன்.”

“எப்ப வருது?”

“சீக்கிரமே வருது” என்றார் அப்பா. சாமியிடமும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தாராம்.

இரண்டாவது ஆடியும் போயிற்று. மார்கழியில் ஆத்தா மூச்சிரைக்க வந்து, கார்டு வந்துவிட்டது என்று சொன்னாள். நான் பெட்டியைக் கட்டவே ஆரம்பித்துவிட்டேன். ஆத்தா முகம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

“மார்கழியாச்சே. தை பெறக்கட்டும்னு சொல்லிப்புட்டாக” என்றாள்.

அப்பாவே திருச்சிக்குப் போய், தை ஒன்றாம் தேதி வரைக்கும் காரை எடுத்து வைத்திருக்கும்படி கேட்டிருக்கிறார். “காருக்கு மாசம் கெடையாதுங்க, மூணு நாளுதான்” என்றாராம் குமாஸ்தா. மார்கழியில் வண்டி எடுப்பதைவிடக் குளத்தில் தள்ளிவிடலாம் என்று அப்பா சத்தம் போட்டிருக்கிறார். மூன்று நாள் கழித்து வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தவர் ஒரு பாதிரியார். அவருக்கு மார்கழிதான் பண்டிகை மாதம். சந்தோஷமாக வந்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் அத்தை முகத்தைப் பார்த்தேன். அவராவது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “மார்கழியில யாராச்சும் வண்டி எடுப்பாகளா? சம்மந்தி செஞ்சதுதான் மொறை” என்றார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். மாமாவும் அதையே சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அன்றைக்கு நான் அம்மியில் அரைத்த மிளகாய் வெண்ணெயாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த கார்டு வந்தது ஆடியில்.

ஆடி, மார்கழிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆடியில் எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேச மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள், ஒரு உழக்குக்கூடப் புதிதாக வாங்க மாட்டார்கள். அப்பா கார்டைப் படித்துவிட்டு, ஆவணிக்குத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சட்டையை மாட்டியிருக்கிறார். அதற்கு அப்புறம் நடந்தது ஆத்தா எனக்குச் சொன்னது.

ஆத்தா வாசலை மறித்து நின்றிருக்கிறாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்பா போகிற வழியில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. “ஒங்கள ஒண்ணு கேக்குறேன். ஆடி என்ன மாசம்?” என்றிருக்கிறாள்.

“ஆகாத மாசம்.”

“பொண்ண அழைக்கிற மாசம். ஊரு ஒலகத்துல அத்தன பொண்ணும் பொறந்த வீட்டுக்கு வாரது ஆடியில. எம் பொண்ணுக்குக் கைப்பிள்ள நடக்குது, இன்னும் தலை ஆடி ஆகல. பொண்ணு வரலாம், அவ ஏறி வாற வண்டி வரக்கூடாதா?”

அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டியிருக்கிறார். ஆடியில் வாகனம் வாங்கலாகாது என்று இருந்தது. ஆடி அழைப்புக்குப் போகும் வாகனத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு காகிதத்தில் தன் சார்பாக மனைவி வந்து எடுத்துக்கொள்வாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கேட்டால் அப்பா ஆடியில் கார் வாங்கவில்லை. கையெழுத்து மட்டும்தான் போட்டார்.

மில்லுக்கு நெல் ஏற்றி வரும் வாடகை லாரியின் டிரைவரைக் கூட்டிக்கொண்டு ஆத்தா திருச்சிக்குப் போய்க் காரை எடுத்தாள். எடுத்த கையோடு நேராக விராலிமலைக்கு வந்தாள். நான் வாசலில் கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கார் வந்து நின்றது. பின் சீட்டில் ஆத்தா மட்டும், முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் இரண்டு தடவை இறங்கி வாந்தி எடுத்திருந்தாள். டிரைவர் கதவைத் திறந்துவிட்டும் அவளுக்குக் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தெருவே கூடிவிட்டது. அத்தை ஓடி வந்தார், காரைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். “என்ன சம்மந்தி, ஆடியிலயா வண்டி எடுத்தீக?”

“வண்டி எடுக்கல சம்மந்தி. பொண்ண அழைக்க வந்தேன். தலை ஆடி” என்றாள் ஆத்தா. சீர்த்தட்டில் வெற்றிலை, பழம், சேலை எல்லாம் சரியாக வைத்திருந்தாள்.

ஆடி அழைப்புக்கு வந்த தாயிடம் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று சொல்ல எந்த மாமியாருக்கும் வாய் வராது. அத்தை உள்ளே போய் எனக்குப் பூ எடுத்து வந்தார். நடக்கத் தெரிந்த குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தலை ஆடிக்குப் புறப்பட்டேன்.

ஊரில் அப்பா மில்லிலிருந்து வந்து நின்றார். என்னைப் பார்த்தார், குழந்தையைத் தூக்கிக்கொண்டார். காரைப் பார்க்கவில்லை. ஆடி முடியும்வரை பார்க்கவில்லை. அதற்கு ஒரு பெரிய படுதாவைப் போட்டு மூடிவைத்தார்கள். அப்பா அதைக் கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். நான் கூடத்தில் தலையணை இல்லாமல் படுத்துக் கிடந்தேன். ஆத்தா கூப்பிடவே இல்லை.

ஆவணி பிறந்ததும் அப்பாவுக்குக் கார் வந்தது. படுதாவை எடுத்து, கழுவி, சந்தனம் பூசி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். என்னைக் கொண்டுபோய் விட ஒரு நல்ல நாள் குறித்தார். அன்றைக்குக் காருக்கு மாலை போட்டிருந்தது. அப்பா சரிகை வேட்டியில் இருந்தார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, “நான் பஸ்ல போறேம்பா” என்றேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. கார் நிற்கிறதே என்று கையைக் காட்டினார்.

“இப்பக் கார்ல போனா அப்பறம் எப்பவும் கார்லதான் நான் வரணும். கார் ரிப்பேருன்னா வரமுடியாது. டிரைவர் இல்லைன்னா வரமுடியாது. நாள் சரியில்லைன்னா வரமுடியாது. பஸ்ல போனாத்தான் நான் பஸ்ல வரமுடியும்.”

அவர் கத்தினார். யாருக்காக இத்தனை பாடு என்றார். ஊர் சிரிக்கும் என்றார். ஆத்தா முறுக்குத் தூக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிவிட்டாள். நான் நடந்து போய் பஸ் ஏறினேன்.

புதுக்கோட்டையில் மாறி உட்கார்ந்து பார்த்தால், ஸ்டாண்டுக்கு வெளியே மாலையோடு எங்கள் கார் நின்றது. பஸ் புறப்பட்டதும் அதுவும் புறப்பட்டது. அன்னவாசல் வரை, அதற்கப்புறமும், பஸ் கிளப்பிய புழுதி முழுவதையும் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. முந்திப் போகவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அது யார் வீட்டுக் கல்யாணம் என்று பேசிக்கொண்டார்கள். நான் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலுப்பூரில் டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்கினார்கள். அப்பா காரிலிருந்து இறங்கி வந்தார். தலை, மீசை, சரிகை வேட்டி எல்லாம் செம்மண். பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விராலிமலைக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். பஸ் கிளம்பியதும் கேட்டார்.

“இந்த பஸ் தெனம் போகுதா?”

“தெனம் போகுதுப்பா.”

“முன்னாடியும் போச்சா?”

“முன்னாடியும்தான். எங்க மண்டிக்கு எதுத்தாப்புல நிக்கும். கெளம்புறப்ப ரெண்டு தடவ ஹாரன் அடிப்பாக.”

“நீ பாப்பியா?”

“தெனம் பாப்பேன்ப்பா.”

அப்பா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். தன் கையிலிருந்த செம்மண் அதன் தலையெல்லாம் அப்புவதை அவர் கவனிக்கவில்லை. மலைமேல் கோயில் கண்ணில் பட்டதும் என் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப ஏறி வந்துருத்தா” என்றார். “நாள் கெழமை பாக்க வேணாம்.”